வீட்டுக்கு வருவது ஒரே நெட் கனெக்ஷன், கம்ப்யூட்டர் ஐந்து: பிரித்துக் கொடுக்க முழுமையான வழிகாட்டி

சித்தப்பா வீட்டில் மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர். கீழே ஹாலில் சித்தப்பாவின் டெஸ்க்டாப், பக்கத்து அறையில் சித்தி ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் இன்னொன்று, மாடியில் தம்பியின் டெஸ்க்டாப், தங்கைக்கும் அவள் கணவருக்கும் ஆளுக்கொரு லேப்டாப். லைன் ஃபைபர், 100 எம்பிபிஎஸ். இருந்தும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் யாராவது ஒருவருக்கு நெட் கிடைக்காது. "ஏம்ப்பா, கம்பெனிக்கு மூணு தடவ சொல்லிட்டேன். ஆள் வந்து பாத்துட்டு லைன் நல்லாத்தான் இருக்குங்கிறாரு. மாடியில மட்டும் வரமாட்டேங்குது" என்றார் சித்தப்பா ஃபோனில்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். லைன் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று பிறகு வாங்கிய இரண்டாவது ரவுட்டரை, பெட்டியிலிருந்து எடுத்த எடுப்பில் முதல் ரவுட்டரோடு சொருகிவிட்டுப் போயிருந்தார் கடைக்காரர். இரண்டு ரவுட்டருக்கும் முகவரி 192.168.1.1. இரண்டுமே வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. எந்தக் கம்ப்யூட்டர் எந்த ரவுட்டரிடம் மாட்டுகிறது என்பதைப் பொறுத்து நெட் வரும், அல்லது வராது.

இதே தவறை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். மாதாமாதம் பணம் கட்டியும் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் பாதியில் துண்டிக்கப்படுவதைப் பார்க்க மனசு கேட்காது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். படிக்கும்போது இரண்டு விஷயங்களை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் முகவரி கொடுக்கும் பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இருந்த இடத்தைவிட்டு நகராத கருவிக்கெல்லாம் வயர் இழுக்க வேண்டும்.

முதலில், பிரிப்பது என்றால் என்ன நடக்கிறது?

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரருக்குத் தெரிந்தது மேன்ஷனின் கதவு எண் ஒன்றுதான். உள்ளே எத்தனை அறை, எந்த அறையில் யார் என்பது மேனேஜருக்குத்தான் தெரியும். வந்த கடிதத்தைப் பார்த்து, உரியவரின் அறைக்கு அனுப்பிவைப்பது அவர் வேலை.

உங்கள் ரவுட்டர்தான் அந்த மேனேஜர். நெட் கம்பெனி உங்கள் கனெக்ஷனுக்குக் கொடுப்பது ஒரே ஒரு முகவரி. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு ரவுட்டர் தானாக 192.168 என்று தொடங்கும் அறை எண்களைக் கொடுக்கிறது. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் இதே வகைதான். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படுத்திக்கொள்ள 1996ஆம் ஆண்டின் இணைய விதிமுறையில் ஒதுக்கிவைத்த எண்கள் இவை. உங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் இதே எண்கள் இருக்கலாம், குழப்பம் வராது.

ரவுட்டர் செய்யும் வேலை இரண்டு. கருவிகளுக்கு எண் கொடுப்பது டிஹெச்சிபி. உள்ளே இருந்து போகும் எல்லாவற்றையும் ஒரே வெளி முகவரியில் அனுப்பி, பதில் வந்ததும் பிரித்துக் கொடுப்பது நாட். ஒரே மேன்ஷனுக்கு இரண்டு மேனேஜர்கள் உட்கார்ந்து, ஆளுக்கொரு பதிவேட்டில் அறை ஒதுக்கினால் என்ன ஆகுமோ அதுதான் சித்தப்பா வீட்டில் நடந்தது.

எவ்வளவு வேகம் தேவை? கணக்குப் போட்டுப் பாருங்கள்

பிளானை ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம். 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே டவுன்லோடு ஆகும்போது அதிகபட்சம் விநாடிக்கு 12.5 எம்பிதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

நல்ல தரத்தில் ஒரு வீடியோ கால் சுமார் 3 அல்லது 4 எம்பிபிஎஸ் எடுக்கும். ஃபுல் ஹெச்டி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 முதல் 20. கணக்கு, மெயில், பிரவுசிங் எல்லாம் சேர்ந்தும் சில எம்பிபிஎஸ்தான். ஐந்து கம்ப்யூட்டரும் ஒரு டிவியும் ஒரே நேரத்தில் ஓடினாலும் 60ஐத் தாண்டுவது அபூர்வம். 100 போதும். 300க்கு மாறியும் மாடியில் நெட் வரவில்லை என்று சொல்லும் வீடுகளில், காசு போக வேண்டிய இடம் பிளான் இல்லை, வயர்.

பிளான் எடுக்கும்போது அப்லோடு வேகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீடியோ காலில் உங்கள் முகம் எதிராளிக்குப் போவது அப்லோடில்தான். அன்லிமிடெட் என்று போட்டிருந்தாலும், நம் நாட்டில் பல பிளான்களில் மாதம் 3300 ஜிபி போன்ற ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் வேகம் குறையும்.

வீட்டை ஒரு தாளில் வரையுங்கள்

இதைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். ஃபைபர் எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறது, கம்ப்யூட்டர், டிவி, பிரிண்டர் எங்கே, மாடிப்படி எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். நகராத கருவிக்குப் பக்கத்தில் 'வ' என்று போடுங்கள், அதற்கு வயர். நகரும் லேப்டாப்புக்கும் ஃபோனுக்கும் வைஃபை.

நம் ஊர் வீடுகள் வைஃபைக்குக் கடினமானவை. வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், தளம் முழுக்கக் கம்பி கட்டிய கான்கிரீட். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. ஒரு தளம் தாண்டி மேலே போகும்போதே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் பெரும்பாலும் தளர்ந்துவிடும். 2.4 ஓரளவு போகும். அதனால் ரவுட்டரை வாசலுக்குப் பக்கத்தில் ஃபைபர் நுழையும் மூலையிலேயே மாட்டிவிட்டு, கடைசி அறையில் சிக்னல் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண். லைன் போட ஆள் வரும்போதே, "ஹால் நடுவுல, படிக்கட்டுப் பக்கம் வேணும்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கையில் கேபிள் இருக்கும்போது அது பத்து நிமிட வேலை.

ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோவின் மேலும் வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இயங்குகிறது, அதிலிருந்தும் விலக்குங்கள். சுவரில் தலை உயரத்தில், திறந்த இடத்தில் மாட்டுங்கள். ஃபைபர் வயரில் மீதியிருந்தால் தேநீர் டம்ளரின் சுற்றளவைவிடச் சின்னதாகச் சுருட்டக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடிந்தால் வெளிச்சம் கசியும், சிவப்பு விளக்கு எரியும்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இல்லாத வீடு என்றால் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட், சில 9. மாற்றிச் சொருகினால் ரவுட்டர் போய்விடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் யுபிஎஸ் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

வயர் இழுப்பது

கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் வாங்குங்கள். கேட்-5இ கூட 100 மீட்டர் தூரம் வரை 1000 எம்பிபிஎஸ் தாங்கும், ஆனால் சுவருக்குள் ஒருமுறை போட்டால் பல வருடம் இருக்கப்போவது என்பதால் 6ஐயே போட்டுவிடலாம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "முழுக்க காப்பரா, இல்ல அலுமினியத்துல காப்பர் பூசினதா?" பூசின கேபிளுக்கு சிசிஏ என்று பெயர், விலை குறைவு, கையில் எடுத்தால் லேசாக இருக்கும். ஒரு இழையை நுனியில் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். இரண்டு மூன்று முறை வளைத்தாலே அது ஒடிந்துவிடும்.

மின்சார வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் முயல்வார். விடாதீர்கள். பாதுகாப்பும் இல்லை, நெட்டுக்கும் நல்லதில்லை. தனி பைப் அல்லது கேசிங் பட்டை போடச் சொல்லுங்கள். மொட்டை மாடி வழியாக வெளியில் கேபிளைத் தொங்கவிடுவதும் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலே செம்புக் கேபிள் வழியாக மின் அதிர்ச்சி இறங்கி, ரவுட்டர் போர்ட்டையும் கம்ப்யூட்டரின் போர்ட்டையும் ஒன்றாகக் கொன்றுவிடும். படிக்கட்டுச் சுவரை ஒட்டி உள்ளேயே ஏற்றுங்கள்.

அடுத்தது, நுனியில் ஆர்ஜே-45 என்ற பிளாஸ்டிக் கனெக்டர் அடிப்பது. கிரிம்பிங் டூலும் ஒரு கேபிள் டெஸ்டரும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பொறுமையாக ஒருமுறை செய்துவிட்டால் பிறகு கை தானாகப் போகும்.

மேல் உறையை மூன்று செ.மீ. அளவுக்கு உரியுங்கள். உள்ளே நான்கு ஜோடி முறுக்கு இருக்கும். கேட்-6 என்றால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பும் இருக்கும், அதை உறையோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். முறுக்கைப் பிரித்து, எட்டு இழைகளையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நீவி நேராக்குங்கள். இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் பிரிந்து, நீல ஜோடி அதற்கு நடுவில் உட்காரும். தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். இந்த வரிசைக்கு டி568பி என்று பெயர். இரண்டு நுனியிலும் இதே வரிசை.

வரிசை கலையாமல் பிடித்தபடி, உறையிலிருந்து ஒன்றேகால் செ.மீ. விட்டு நேராக ஒரே வெட்டு. கனெக்டரின் கொக்கி கீழ்ப்பக்கம் பார்க்க, திறந்த வாய் உங்களைப் பார்க்கப் பிடித்து உள்ளே தள்ளுங்கள். எட்டு இழைகளின் செம்பு நுனியும் கனெக்டரின் மறுமுனைச் சுவரைத் தொட்டு நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேல் உறையும் கனெக்டருக்குள் போய் உட்கார வேண்டும். உறை வெளியே நின்றால், நாளைக்கு யாராவது கேபிளை லேசாக இழுத்தாலே இழை பிடுங்கிக்கொள்ளும். இரண்டையும் பார்த்த பிறகு டூலில் வைத்து ஒரே அழுத்து.

டெஸ்டரில் 1 முதல் 8 வரை வரிசையாக விளக்கு எரிகிறதா பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரில் சொருகி, செட்டிங்ஸில் ஈத்தர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1000 என்று வந்தால் நிம்மதி. இரண்டு பக்கமும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் இருந்தும் 100 என்று காட்டினால், ஏதோ ஒரு இழை சரியாக உட்காரவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால்தான் நெட் வருவது போலவே இருந்துகொண்டு வேகம் மட்டும் குறையும். சித்தி சிஸ்டத்தின் கேபிளில் பழுப்பு இழை இப்படித்தான் உள்ளே போகாமல் நின்றிருந்தது.

போர்ட் போதவில்லை என்றால்

ரவுட்டரின் பின்னால், வீட்டுக் கருவிகளின் கேபிளைச் சொருக நான்கு லேன் போர்ட் இருக்கும். நெட் கம்பெனி கொடுக்கும் பெட்டிகள் சிலவற்றில் அந்த நான்கில் ஒன்று மட்டும்தான் கிகாபிட், மீதி மூன்றும் 100தான். போர்ட்டுக்கு மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கிகாபிட் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்சில் கொடுங்கள். அதற்கு செட்டிங்ஸ் எதுவும் கிடையாது, கரண்ட் கொடுத்தால் வேலை செய்யும். முகவரியும் கொடுக்காது. மேனேஜர் சொல்வதைச் சுமந்து போகும் ஆள் மட்டும்தான் அது. மாடிக்கு நான்கு கேபிள் இழுப்பதற்குப் பதில் ஒரு கேபிள் இழுத்து, அங்கே ஒரு சுவிட்ச் வைப்பது செலவு குறைவு.

மாடிக்கு இரண்டாவது ரவுட்டர்: சரியாக வைக்கும் முறை

மாடியில் வைஃபை வேண்டும். ரிப்பீட்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள், சுவர் பிளக்கில் சொருகினால் போதும் என்பார்கள். கீழிருந்து வரும் சிக்னலைக் காற்றில் வாங்கி, அதையே மறுபடி காற்றில் அனுப்புவது அதன் வேலை. ஒரே அலைவரிசையில் இரண்டு வேலையும் நடந்தால் வேகம் பாதியாகும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீடு என்றால் வேறு வழியில்லை, வையுங்கள். சொந்த வீட்டில், கேபிள் இழுத்து பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் கொடுக்கும் பெட்டியாக மாற்றுவதுதான் என் கட்சி. பரணில் சும்மா கிடக்கும் ரவுட்டரே போதும்.

சித்தப்பா வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன். இரண்டாவது ரவுட்டரை முதல் ரவுட்டரிலிருந்து கழற்றிவிட்டு, தனியாக ஒரு லேப்டாப்போடு கேபிளில் இணைத்தேன். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் அதன் உள் பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது.

செட்டிங்ஸில் ஆபரேஷன் மோடு என்ற இடத்தில் ஆக்சஸ் பாயின்ட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த மாடலில் அது இல்லை. கையால் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் லேன் பகுதியில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். சேவ் செய்ததும் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும், பிறகு புது முகவரியில்தான் உள்ளே போக முடியும். அடுத்து டிஹெச்சிபி சர்வர் என்பதை டிசேபிள். மொத்தக் கோளாறுக்கும் மருந்து இந்த ஒரு டிக்கில்தான் இருக்கிறது. முகவரியை மாற்றுவதற்கு முன் இதை அணைத்துவிட்டால், லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் ரவுட்டருக்குள் நுழையவே சிரமப்படுவீர்கள், ஆகவே இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பிறகு வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் கீழ் ரவுட்டரில் இருப்பது போலவே வைத்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினால் அது தானாக மேலே மாறிக்கொள்ளும்.

கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் சொருக வேண்டும். நிறம் மாறி, தனியாக இருக்கும் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வரும் போர்ட்டில் சொருகினால் அது மறுபடி தனி மேனேஜராகிவிடும். மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை என்று பிரிந்து, மாடியிலிருக்கும் பிரிண்டர் கீழே தெரியாது. லேன் போர்ட்டில் போட்டால் ஐபிவி6 என்ற புதுவகை முகவரியும் தடையில்லாமல் மேலே போகும்.

கீழ் ரவுட்டரில் டிஹெச்சிபி எல்லையை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை என்று சுருக்கிவிட்டால், 2 என்ற எண்ணை யாருக்கும் தவறுதலாகக் கொடுக்காது. பிரிண்டருக்கு அட்ரஸ் ரிசர்வேஷன் பகுதியில் நிரந்தர எண் கொடுத்துவிடுங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் பிரிண்டர் காணாமல் போகும் தொல்லை அதோடு தீரும்.

வைஃபை செட்டிங்ஸ்

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். கீழே 1 வைத்தால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். சேனல் அகலம் 20. 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும், ஆனால் நெருக்கமான தெருவில் பக்கத்து வீட்டு சிக்னல்களோடு மோதி, இருக்கும் வேகமும் குறையும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், அகலம் 80 வைக்கலாம்.

பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், ரவுட்டரில் இருந்தால் டபிள்யூபிஏ3. பழைய டபிள்யூஇபி (WEP) வகையை விட்டுவைக்காதீர்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது, அதனால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011ஆம் ஆண்டிலேயே வெளியான விஷயம். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிடுவார்கள். அதையும் மாற்றுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் திறந்துவிட்டால் சித்தியின் கணக்குக் கம்ப்யூட்டர் அவர்கள் கண்ணில் படாது. ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய பழைய ரவுட்டர்களில் இந்தப் பிரிப்பு பெரும்பாலும் வேலை செய்யாது என்பதால் கெஸ்டை முதல் ரவுட்டரில் மட்டும் வையுங்கள்.

பக்கத்து வீட்டோடு காசு பகிர்ந்துகொண்டு ஒரே கனெக்ஷனை ஓட்டும் யோசனை வேண்டாம். வீட்டுப் பிளான்களின் நிபந்தனைகள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை. தவிர, அந்த லைனில் யார் தப்பாக எதைச் செய்தாலும் விசாரணை வருவது உங்கள் பெயரைத் தேடித்தான்.

ஒருவர் இழுத்தால் மற்றவருக்கு ஏன் நிற்கிறது?

தம்பி ஒரு பெரிய வீடியோவை ஏற்றும்போது தங்கையின் ஆபீஸ் கால் திக்கும். 100இல் 30தானே போகிறது என்று நினைப்போம். ஆனால் பிளானின் அப்லோடு வேகமே 30தான் என்றால் அந்த வழி நிரம்பிவிடும். நிரம்பியதும் ரவுட்டர் மிச்சத்தை நீண்ட வரிசையில் நிறுத்துகிறது. காலின் சின்னச் சின்னத் துண்டுகளும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கின்றன. இதை நீங்களே பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்டில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்க்கும் சோதனை) விட்டு ஓடவிடுங்கள். சாதாரணமாகச் சில பத்து மில்லிசெகண்டில் நிற்கும் எண், பெரிய ஃபைல் ஏற்றத் தொடங்கியதும் பல நூறாக ஏறினால் நோய் இதுதான்.

ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால், உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் வரம்பாக எழுதுங்கள். கொஞ்சம் வேகம் குறைந்தாலும் யாருடைய காலும் திக்காது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போடக்கூடிய ரவுட்டர் என்றால் இதற்கென்றே கேக் என்ற முறை அதில் உண்டு, அருமையாக வேலை செய்யும். எதுவும் இல்லை என்றால் கிளவுட் பேக்கப் செயலிகளில் அப்லோடு வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டுக்கும் ஒரு வழி உண்டு. விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் போய், வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர்களிடமிருந்து மட்டும் வாங்கலாம் என்று வையுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் இறங்கியதை மற்றவை அதனிடமிருந்தே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். அதே ஜிபிகளை ஐந்து தடவை வெளியிலிருந்து இழுக்க வேண்டாம்.

ரவுட்டரே இல்லாதபோது

ஃபைபர் வராத ஊர், அல்லது லைன் அறுந்துபோன நாள். ஃபோனின் ஹாட்ஸ்பாட் எல்லோருக்கும் தெரியும். அதைவிட உறுதியானது யுஎஸ்பி டெதரிங். சார்ஜ் கேபிளிலேயே நெட் போகும், பேட்டரியும் இறங்காது. அப்படி ஒரு கம்ப்யூட்டருக்கு நெட் வந்ததும், அதிலிருந்து மற்றவற்றுக்குப் பிரிக்கலாம்.

விண்டோஸ் 10, 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் பகுதி, மொபைல் ஹாட்ஸ்பாட். எட்டுக் கருவிகள் வரை இணையும். கேபிளில் கொடுக்க வேண்டும் என்றால், நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலில் நெட் வரும் அடாப்டரின் ப்ராப்பர்டீஸ் திறந்து, ஷேரிங் தாவலில் முதல் பெட்டியை டிக் செய்து, கீழே ஈத்தர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். உடனே அந்தக் கம்ப்யூட்டர் 192.168.137.1 என்ற முகவரியோடு மேனேஜராகிவிடும். ஈத்தர்நெட்டிலிருந்து சுவிட்சுக்குக் கொடுத்தால் அறையிலுள்ள எல்லா டெஸ்க்டாப்புக்கும் நெட். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இந்த வசதி இருந்தது. ரவுட்டர் எட்டாத விலையில் இருந்த காலத்தில் டயல்அப் லைனை இப்படித்தான் பிரித்தார்கள்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், இன்டர்நெட் ஷேரிங். வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே கொடுக்க முடியாது, கேபிளுக்கு மாற்றித்தான் கொடுக்கும். உபுண்டுவில் வயர் கனெக்ஷனின் ஐபிவி4 பகுதியில் மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதில் செய்தாலும், பகிரும் கம்ப்யூட்டர் தூங்கினால் மற்றவர்களுக்கும் நெட் போய்விடும், ஸ்லீப்பை அணைத்து வையுங்கள். அந்த சுவிட்சில் வேறு ரவுட்டர் எதுவும் தொங்கக் கூடாது. அங்கேயும் ஒரே மேனேஜர்தான்.

நெட் வரவில்லை: எங்கிருந்து தேடுவது

ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு முன் இந்த வரிசையில் போங்கள். கம்ப்யூட்டருக்கு என்ன முகவரி வந்திருக்கிறது என்று நெட்வொர்க் செட்டிங்ஸில் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் யாரும் அதற்கு முகவரி கொடுக்கவில்லை, அதுவே தனக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டது. கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். 192.168 என்று சரியாக இருந்தால் 192.168.1.1க்கு பிங். பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். பதில் வந்தால் 8.8.8.8க்கு பிங். அது நின்றால் லைன் போயிருக்கிறது, கம்பெனிக்கு ஃபோன் போடுங்கள். ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதையும் சொல்லுங்கள், ஆளை உடனே அனுப்புவார்கள். இரண்டும் வந்து, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் சிக்கல். ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று எழுதிப் பாருங்கள்.

ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் விட்டு விட்டு வருகிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால் யாரோ இரண்டாவது ரவுட்டரைச் சொருகியிருக்கிறார்களா என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சிசிடிவி போட வந்தவர் அவர் வசதிக்கு ஒன்றைச் சொருகிவிட்டுப் போயிருக்கலாம். வெளியூரிலிருந்து அந்தக் கேமராவைப் பார்க்க முடியவில்லை என்றால், ரவுட்டரின் வான் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் கம்பெனியே பல வீடுகளை ஒரே வெளி முகவரியில் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வருவதை நேரே கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு செய்தாலும் பலிக்காது. நிரந்தர முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்தேன். கீழ் ரவுட்டர் 192.168.1.1, மேல் 192.168.1.2, பிரிண்டர் 192.168.1.50, எந்தக் கேபிள் எந்த அறைக்கு, டிஹெச்சிபி எதில் ஓடுகிறது, எதில் ஓடக் கூடாது. கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னது சித்தி.